இரட்டை வேகத்தில் பிரின்சிபால்

பிரின்சிபாலின் நெஞ்சில் ஒரு செவ்வாய்க்கிழமை சுருக்கென்றது. வாயுதான். ஆனாலும் வந்த ஆளைச் சும்மா அனுப்பினால் நன்றாயிருக்காது என்று டாக்டர், "தினமும் நாப்பது நிமிஷம் நடங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வரி ஒரு கல்லூரியையே பாடாய்ப் படுத்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிரின்சிபால் எதையும் தனியாகச் செய்து பழகாதவர். அவருக்குக் கண்புரை அறுவை நடந்தபோது ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் கண் பரிசோதனை நடந்தது. அவருக்குச் சர்க்கரை கூடியபோது கேன்டீனில் சர்க்கரை டப்பா காணாமல் போனது. இப்போது நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாளே, உலகத்தில் தன்னைத் தவிர யாரும் நடப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நான்காம் நாள் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நடந்துகொண்டே பேசி, அதைப் பதிவு செய்து, கல்லூரியில் சம்பளம் வாங்குகிற நூற்றுப் பதினேழு பேருக்கும் அனுப்பிவைத்தார். 'நடையும் ஞானமும் - பகுதி ஒன்று'. நீளம் நாற்பத்திரண்டு நிமிடம். டாக்டர் சொன்னது நாற்பதுதான். மிச்ச இரண்டு நிமிடம் நன்றியுரை.

சும்மா அனுப்பினால் உட்கார்ந்துகொண்டு கேட்டுவிடுவார்களே! கணினித் துறையைக் கூப்பிட்டு ஒரு ஆப் செய்யச் சொன்னார். போனைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் அதில் குரல் வரும். கால் நின்றால் குரலும் நின்றுவிடும். யார் எத்தனை நிமிடம் கேட்டார்கள், எத்தனை அடி நடந்தார்கள் என்று மாதாமாதம் ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆப்பைச் செய்த மாணவர்கள் நல்ல பிள்ளைகள். ஒரு மூலையில், பிரின்சிபாலின் கண்ணுக்குப் படாத மாதிரி, இரண்டு பொத்தான்களை வைத்துக் கொடுத்தார்கள். ஒன்று இரட்டை வேகம். இன்னொன்று பேச்சின் நடுவே வரும் மௌனங்களை நறுக்கித் தள்ளிவிடும்.

வராந்தாவில் பிரின்சிபால் யாரையாவது மடக்கி, "இன்னைக்குக் கேட்டீங்களா?" என்பார்.

"அந்த இடம் இருக்கே சார்…" என்று இயற்பியல் பேராசிரியர் கண்ணை மூடிக்கொள்வார்.

"எந்த இடம்?"

"அதான் சார். நடுவுல. வார்த்தையால சொல்ல முடியல."

எதையும் கேட்காதவனுக்கு இதைவிடப் பத்திரமான பதில் கிடையாது. பிரின்சிபாலும், "ம், அந்த இடம்தான் பலபேரைத் தொட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

உண்மையில் கேட்ட ஒரே ஜீவன் நூலகர்தான்.

நூலகர் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பழைய நூலகர் ஓய்வு பெற்ற அன்று, "ஒரு வாரம் பாத்துக்கோங்க, ஆள் போட்டுடறோம்" என்று சாவிக்கொத்தை இவர் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்துக்கு இப்போது ஒன்பது வயது. கதவில் 'நூலகர்' என்றும், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்றும் எழுதியிருந்தது. இந்தப் பொறுப்பு என்ற சொல்லுக்கு அலுவலக அகராதியில் தனி அர்த்தம் உண்டு. வேலை எல்லாம் உன்னுடையது, நாற்காலி மட்டும் உன்னுடையதல்ல. மகளின் பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஒருமுறை தைரியமாக 'நூலகர்' என்று மட்டும் எழுதினார். பிறகு யாராவது வந்து விசாரித்தால் என்னாவது என்று பக்கத்தில் நுணுக்கி அடைப்புக்குறி போட்டுவைத்தார்.

இந்த மாதக் கடைசியில் அந்தப் பதவியை முறையாக நிரப்பப் போகிறார்கள். பிரின்சிபால் வாயிலிருந்து எந்தப் பெயர் வருகிறதோ அவர்தான் நூலகர். போட்டிக்கு இருப்பது ஒரே ஆள், ஹாஸ்டல் வார்டன். முந்நூறு பையன்களோடு பன்னிரண்டு வருஷம் மாரடித்து அலுத்துப்போன மனுஷர். சத்தமே இல்லாத ஒரு வேலை வேண்டும் என்று தபால் வழியில் நூலகப் படிப்பு படித்துப் பட்டம் வாங்கி வைத்திருந்தார். ஆறு மாதமாக அறிவிப்புப் பலகையில் முதல் பெயரும் அவருடையதுதான். ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை கேட்டிருந்தார், ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி நடந்திருந்தார். நூலகர் இரண்டாமிடம்.

வார்டன் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஹாஸ்டல் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நடந்தது அவருடைய நாய். போனைக் கழுத்துப்பட்டையில் கட்டி, காலையிலும் மாலையிலும் அவிழ்த்துவிட்டுவிடுவார். ஹாஸ்டல் பையன்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். நூலகருக்கும் தெரியும். ஆனால் போய்ச் சொல்வது எப்படி? சொன்னால் கோள்மூட்டி என்று பெயர் வரும். சொல்லாவிட்டால் ஒரு நாயிடம் தோற்றவர் என்று பெயர் வரும்.

ஆகவே நூலகர் நடந்தார். குடியிருப்பைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வழியாக, காலையில் எட்டுச் சுற்று. முதல் வாரம் சாதாரண வேகத்தில்தான் கேட்டார். பிரின்சிபால் 'அன்பு' என்று சொல்லி 'நெஞ்சங்களே' என்று முடிப்பதற்குள் ஒரு தெரு முடிந்துபோனது. இரண்டாம் வாரம் அந்த மூலைப் பொத்தான்கள் கண்ணில் பட்டன. இரண்டையும் அழுத்தினார்.

அடேயப்பா! அது வேறு பிரின்சிபால். வயதில் இருபது உதிர்ந்து, குரல் மெலிந்து, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் மாதிரி டகடகவென்று பேசினார். யோசிப்பதில்லை, தயங்குவதில்லை, இருமல்கூட 'க்' என்று ஒரு புள்ளியாக முடிந்தது. "ஒழுக்கம் முக்கியம் நேரம் முக்கியம் நடை முக்கியம்" என்று அவர் அடுக்க அடுக்க நூலகரின் கால்களும் அந்தத் தாளத்துக்குப் பறந்தன. நாற்பத்திரண்டு நிமிடம் இருபதில் முடிந்துவிடும். இந்த மனுஷனைப் போய் மந்தம் என்கிறார்களே என்று நூலகருக்கு அவர்மீது நிஜமாகவே ஒரு பிரியம் வந்துவிட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நடை முடிந்து காதிலிருந்ததைக் கழற்றினால் உலகம் பாதி வேகத்தில் ஊர்ந்தது. பால் பொங்க இத்தனை நேரமா? சிவப்பு விளக்கு பச்சையாக இத்தனை நேரமா? நூலகத்தில் ஒரு மாணவன் வந்து, "சார், அந்த நீல அட்டை போட்ட…" என்று இழுத்தால், அவன் முடிப்பதற்குள் இவர் ஏதோ ஒரு நீல அட்டைப் புத்தகத்தை அவன் கையில் திணித்துவிடுவார். பையன்களும் பாவம், ரசாயனம் கேட்க வந்தவர்கள் மாட்டு மருத்துவத்தோடு போனார்கள்.

நூலகரின் மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. காதில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாளெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவள், வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வழியில்லை.

"என்னங்க, நாளைக்கு உங்க தங்கச்சி…"

"வர்றா. தெரியும். வரட்டும்."

"வரலையாம். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"சரி, அதுக்கென்ன?"

"சமையல்…"

"ரெண்டு பேருக்குக் கம்மியாப் பண்ணு."

"சமையல் கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்ல வந்தேன்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒரு நாளைக்கு நூத்தம்பது பேர் என்கிட்ட கத்தறாங்க. ஒருத்தரையாவது நடுவுல வெட்டியிருப்பேனா? மனுஷங்க கடைசியிலதான் விஷயத்தையே சொல்லுவாங்க. மூணாவது தெரு, பச்சை கேட்டு, எங்க மாமியார், அவங்க முட்டி வலின்னு எல்லாம் சொல்லிட்டு, அப்புறம்தான் குழாய் உடைஞ்சதைச் சொல்லுவாங்க."

"குழாய் உடைஞ்சதுன்னு முதல்லயே சொன்னா என்ன?"

"சொல்ல மாட்டாங்க. அதனாலதான் எனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க."

அவள் அதற்குமேலும் ஏதோ சொன்னாள். நூலகரின் கட்டைவிரல் தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போய் மூலைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை பிரின்சிபாலின் அறையிலிருந்து செய்தி வந்தது. நாளைக் காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும், கூட நடக்க வேண்டும், நூலக விஷயமாகப் பேச வேண்டும்.

நூலகருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஒரே ஒரு புத்தி சொன்னாள். "அவர் பேசட்டும். நீங்க வாயே திறக்காதீங்க. அவரா முடிக்கட்டும். ஒரு மணி நேரம் சும்மா இருந்தா ஒன்பது வருஷத்துக்கு விடிவு காலம். இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேனா?" என்றார் நூலகர், அவள் 'இருப்பீங்களா'வை முடிப்பதற்குள்.

காலையில் மைதானத்தில் பிரின்சிபால் வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் துண்டோடு நின்றிருந்தார். ஆறு மாதமாகக் காதுக்குள் குடியிருந்த ஆளை அருகில் பார்த்ததில் நூலகருக்குப் புல்லரித்தது. நடக்க ஆரம்பித்தார்கள். பத்தடி போனதும் நூலகர் திரும்பிப் பார்த்தார். பிரின்சிபால் எட்டடி பின்னால் இருந்தார். நின்று, சேர்ந்துகொண்டு, மறுபடி நடந்தார். மறுபடியும் எட்டடி. கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் தன் காலைத் தானே பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

"காலைக் காற்று…" என்றார் பிரின்சிபால்.

நூலகர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கைதவறிப் போன் நின்றுவிட்டதோ என்று விரல் பையைத் தேடியது.

"…நல்லது" என்றார் பிரின்சிபால், ஒரு விளக்குக் கம்பம் தாண்டி.

இந்த மௌனங்கள் நூலகருக்குப் புதிது. நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பகுதி கேட்டும் இவற்றில் ஒன்றைக்கூட அவர் சந்தித்ததில்லை. எல்லாம் நறுக்கித் தள்ளப்பட்டவை. மற்றவர்கள் இந்த மௌனங்களைப் பற்றித்தான் பயபக்தியோடு பேசிக்கொள்வார்கள். பிரின்சிபால் ஒரு கேள்விக்கு ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தால், எத்தனை ஆழம் என்று குழுக்கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"எங்கப்பா ஒரு நாள்… என்னை ரெண்டு மைல் தள்ளி இருக்கற கடைக்கு… உப்பு வாங்கிட்டு வரச் சொன்னார். வாங்கிட்டு வந்தேன். அப்ப அவர்…"

நூலகர் பல்லைக் கடித்தார். மனைவி முகத்தை நினைத்துக்கொண்டார். ஒரு கம்பம் போயிற்று. இரண்டாவது கம்பமும் போயிற்று. தொண்டைக்குள் ஒரு எறும்புப் புற்றே கலைந்து ஓடுகிற மாதிரி இருந்தது.

"'உப்பு வீட்டிலேயே இருக்கு, நான் வாங்கிட்டு வரச் சொன்னது உன் காலைத்தான்'னு சொன்னார் சார்! பகுதி முப்பத்தொண்ணு. அப்புறம் எழுபது. நூத்திப் பன்னெண்டு."

பிரின்சிபால் நின்றார். நூலகருக்கு உயிர் போயிற்று.

"கேட்டிருக்கீங்க!" என்றார் பிரின்சிபால். அவர் கண் கலங்கிவிட்டது. "நிஜமாவே கேட்டிருக்கீங்க. எல்லாரும் 'அந்த இடம், அந்த இடம்'ங்கறாங்களே தவிர…"

"எந்த இடம்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"கரெக்ட்!"

நூலகருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வாயின் கட்டு அவிழ்ந்தது. அது நல்லதற்கில்லை.

"நூலக விஷயம்…" என்று பிரின்சிபால் ஆரம்பித்தார். "அந்தப் பதவியை… ரொம்ப யோசிச்சேன். யோசிச்சு… அதை நான்…"

இது எப்பேர்ப்பட்ட மௌனம் என்று சொல்லி மாளாது. ஒன்பது வருஷம் அதற்குள் இருந்தது. அதை நான் உங்களுக்கே. அதை நான் உங்களுக்கல்ல. அதை நான் வார்டனுக்கு. அறிவிப்புப் பலகை, முதல் பெயர், இருபதாயிரம் அடி, எல்லாம் நூலகரின் தலைக்குள் இரட்டை வேகத்தில் ஓடின. கெட்ட செய்தியைக் காத்திருந்து வாங்கிக்கொள்வதைவிட ஓடிப்போய் வாங்கிக்கொள்வது மேல் என்று அவருடைய நாக்கு முடிவு செய்துவிட்டது. அவரைக் கேட்கவில்லை.

"வார்டனுக்குக் கொடுக்கப் போறீங்க. தெரியும் சார்."

"வார்டனுக்கா?" பிரின்சிபாலின் புருவம் ஏறியது. அந்தப் பெயரை அவர் நினைத்தே பார்க்கவில்லை என்பது நூலகருக்கு அந்த நொடியே தெரிந்தது.

"இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"ம்." பிரின்சிபால் கை உயர்த்தினார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனாக மாறுவதுபோல, அந்த யோசனை அவருக்குள் நுழைந்து சொந்தமாகிக்கொண்டிருந்தது. "வார்டன். ஆமா. ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சதுதான். எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?"

உடனே செய்வதே உத்தமம் என்பது பகுதி ஒன்பது. அங்கேயே போனை எடுத்து வார்டனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வார்டனின் போன் அந்நேரம் எந்தக் குப்பைத்தொட்டியை முகர்ந்துகொண்டிருந்ததோ.

"எடுக்கலை" என்றார் பிரின்சிபால். நூலகருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "பாருங்க, எடுக்கலை. காலை ஆறரை மணி. என் பேச்சைக் கேட்டுகிட்டு நடந்துகிட்டிருக்கான். அந்த நேரத்துல நான் கூப்பிட்டாக்கூட எடுக்க மாட்டேங்கறான். அதுதான்யா சிரத்தை!"

திரும்பிய பாதியும் போய்விட்டது.

இன்னும் மூன்று சுற்று இருந்தது. மூன்று சுற்று முடிந்தால் பிரின்சிபால் காரில் ஏறிவிடுவார், வார்டனும் போனைக் கையில் எடுத்துவிடுவார். நூலகருக்குக் கால் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் ஓடியது. அந்த ஓட்டத்தில்தான் அவருக்கு ஒன்று புரிந்தது. பிரின்சிபாலின் மௌனத்துக்குள் ஆழமும் இல்லை, மண்ணும் இல்லை. வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். காலியாக ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார். முதலில் வந்து உட்காருகிறவன் சொன்னது சட்டம். இத்தனை வருஷமாக நூற்றுப் பதினேழு பேரும் அதற்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள்!

சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்த மூலை மரம்…" என்று பிரின்சிபால் துண்டால் காட்டினார். "கிரிக்கெட்டுக்கு இடைஞ்சல்னு சொல்றாங்க. அதை…"

"வெட்ட வேண்டாம்னு நினைக்கறீங்க."

"ம். வெட்ட வேண்டாம்."

நூலகர் அடுத்த மௌனத்துக்குக் காதைத் தீட்டினார்.

"கேன்டீன்காரன் வேற… சர்க்கரை விஷயமா…"

"திரும்பவும் டப்பாவை வெச்சுக்கட்டும்கறீங்க."

"வெச்சுக்கட்டும். மத்தவங்களுக்கு என்ன வந்துது?"

ஒரே சுற்றில் ஒரு மரமும் ஒரு சர்க்கரை டப்பாவும் பிழைத்தன. நாலு மணித் தேர்வு மூன்று மணிக்கு வந்தது. ஆனால் நூலகம் மட்டும் திரும்ப வரவில்லை. நூலகர் என்னென்னவோ தூண்டில் போட்டார். "புத்தகங்கள்னாலே சார்…" என்றார். பிரின்சிபால் புத்தகத்தில் பூச்சி வருவதைப் பற்றிப் பேசினார். "பொறுப்புன்னா என்ன சார்?" என்றார். பிரின்சிபால் பெற்றோரின் பொறுப்பைப் பற்றிப் பேசினார். கடைசிச் சுற்று பாதி போய்விட்டது. காரோட்டி வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

"அப்புறம் அந்த நூலகம்…" என்று பிரின்சிபால் தானாகவே ஆரம்பித்தார். நூலகர் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு பிரின்சிபால் பேசிக்கொண்டே ஓடி வந்தார்.

"அன்பு நெஞ்சங்களே, மனத்தூய்மை என்பது…"

ஹாஸ்டல் வேலியின் ஓட்டை வழியாக வார்டனின் நாய் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. கழுத்துப்பட்டையில் போன். ஆறு மாதமாகத் தன் தாடைக்கடியில் கேட்ட குரல் மைதானத்திலும் கேட்டால் எந்த நாய்தான் சும்மா இருக்கும்? நேராக வந்து பிரின்சிபாலின் வெள்ளை ஷூவை முகர்ந்து, வாலை ஆட்டி, உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் குரல் நின்றது. பின்னங்காலால் காதைச் சொறிந்தது. ஆப் அதை நடை என்று எடுத்துக்கொண்டது.

"ஒழுக்… கமே… உயி… ரினும்…" என்றது கழுத்துப்பட்டை. சொறிந்து முடிந்ததும் நின்றது.

பிரின்சிபால் நாயைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பனியன், அரைக்கால் சட்டையோடு மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற வார்டனைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

நூலகருக்கு நெஞ்சு துள்ளியது. இனி தான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கோளும் இல்லை, மூட்டலும் இல்லை, நாயே வந்து சாட்சி சொல்லிவிட்டது.

வார்டன் முந்நூறு பையன்களைச் சமாளித்த ஆள். ஒரே ஒரு தடவைதான் எச்சில் விழுங்கினார்.

"என்னத்தைச் சொல்ல சார்? நான் மட்டும் கேட்டாப் போதுமான்னு குரைக்குது. உங்க பேச்சைப் போட்டாத்தான் ஒரு அடி எடுத்து வைக்குது. நான் ஒரு தடவை கேட்டா, அது ரெண்டு தடவை கேக்கணும்."

"அதுவா?"

"அதுவா கேக்குது சார். முன்னெல்லாம் தபால்காரரைக் கடிக்கும். உங்க பகுதி அம்பதுக்கு அப்புறம் விட்டுடுச்சு."

நூலகர் பிரின்சிபாலின் முகத்தைப் பார்த்தார். இப்போது சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது கண்ணீர். பிரின்சிபால் குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"வாயில்லா ஜீவன்… ஒரு நாய்கூட என் பேச்சைக் கேட்டு இந்த அளவுக்கு… அப்படின்னா இந்த வார்டனை நான்…"

மௌனம்.

வார்டனும் விவரமானவர்தான். இந்த மௌனம் நல்ல இடத்தில் நிற்கிறது என்று அவருக்கும் தெரிந்தது. முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டு காத்திருந்தார், நல்ல பையன் பரிசுக்குக் காத்திருப்பதுபோல. பாவம், அவர் பிரின்சிபாலோடு ஒரு சுற்றுகூட நடந்ததில்லை. இது தானாக முடியும் என்று நினைத்துவிட்டார்.

"ஹாஸ்டலை விட்டு அசைக்கவே கூடாதுன்னு சொல்றீங்க சார்!" என்று நூலகர் பாய்ந்தார். மூச்சுவிடாமல் அடுக்கினார். "ஒரு நாயையே கேக்க வெச்சவர், முந்நூறு பசங்களைக் கேக்க வைக்க மாட்டாரா? தினம் காலைல ஆறு மணிக்கு எல்லாப் பையனும் மைதானத்துல, எல்லார் காதுலயும் உங்க குரல், முன்னால வார்டன். இவரைக் கொண்டுபோய் நாலு அலமாரிக்கு நடுவுல உக்கார வெச்சா அது நாட்டுக்கே நஷ்டம்னு சொல்ல வர்றீங்க!"

"சார்…" என்றார் வார்டன்.

"முந்நூறு பேர்" என்றார் பிரின்சிபால். அந்த எண்ணை அவர் நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "முந்நூறு! ஆமாய்யா. காலையிலிருந்து இது மனசுல ஓடிகிட்டே இருந்தது. அப்ப நூலகம்…"

"இருக்கற ஆளே இருக்கட்டும். பொறுப்புங்கற வார்த்தை மட்டும் வேண்டாம். இன்னைக்கே ஆர்டர் போட்டுடலாம்."

"இன்னைக்கே" என்றார் பிரின்சிபால்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்டர் கைக்கு வந்தது. நூலகர் அதை நாலு தடவை படித்தார். இடப்பக்கம் அடைப்பு இல்லை. வலப்பக்கமும் இல்லை. பெயின்டர் வந்து கதவில் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தபோது, பக்கத்தில் நின்று தூசியெல்லாம் ஊதிவிட்டார்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு மனைவி மலைத்துப்போனாள். "வாயே திறக்கலையா?"

"திறந்தேன். திறந்ததாலதான் போச்சு. அப்புறம் திறந்ததாலதான் வந்துச்சு."

"வார்டன் என்ன சொன்னாரு?"

"நாயைத்தான் பாத்துகிட்டே நின்னாரு."

அவள் சிரித்து முடித்துவிட்டு, "அப்ப பிரின்சிபால்…" என்று ஆரம்பித்தாள். நூலகருக்கு அதை முடிக்கத் தேவை ஏற்படவில்லை. போன் அடித்தது. பிரின்சிபாலேதான்.

"லைப்ரேரியன், நாளைக்கு ஆறு மணி. ரெண்டு மைக் ஏற்பாடு பண்ணியிருக்கேன். இனிமே தனியா பேசப்போறதில்லை. நான் பேசுவேன், நீங்க பக்கத்துல நடந்துகிட்டே… நடந்துகிட்டே…"

"முடிச்சு வைக்கணும்" என்றார் நூலகர், அந்தக் குழியில் தானே கால் வைத்து.

"அதேதான்! தினமும்."

மறுநாள் காலை மைதானம் நிறைந்திருந்தது. முந்நூறு பையன்கள் தூக்கக் கலக்கத்தோடு, காதில் மாட்டிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்துச் சுற்றினார்கள். முன்னால் வார்டன், பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் சொந்தக் காலால். நூலகரைக் கடக்கும்போதெல்லாம் அவர் பார்த்த பார்வையில் ஒரு பச்சை மரம் பட்டுப்போகும். நாய் மட்டும் போன் இல்லாத கழுத்தோடு மர நிழலில் படுத்துக் கொட்டாவி விட்டது.

பிரின்சிபால் நூலகரின் சட்டையில் மைக்கைத் தன் கையாலேயே குத்தினார். பொத்தானை அழுத்தினார்.

"அன்பு நெஞ்சங்களே… இது பகுதி இருநூறு. மனிதன் எதற்காகப் பிறந்தான் என்றால்…" என்று ஆரம்பித்து, ஒரு கம்பம் நடந்து, இரண்டு கம்பம் நடந்து, திரும்பி நூலகரின் முகத்தைப் பார்த்தார்.

நூலகர் வாயைத் திறந்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பகுதிகளையும் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தார். உப்பு இருந்தது, ஒழுக்கம் இருந்தது, இது எங்கேயும் இல்லை. பையன்கள் ஒரு சுற்று முடித்து வந்துகொண்டிருந்தார்கள். கால்கள் பரபரத்தன.

"தெரியலையே சார்" என்றார்.

"ஆஹா!" என்றார் பிரின்சிபால். அடுத்த ஐந்து சுற்றுக்கு அவர் தெரியாமையின் பெருமையை, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி எடுத்துரைக்க, நூலகர் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு மற்றக் காலுக்கு எப்போது முறை வரும் என்று காத்துக்கொண்டே பக்கத்தில் நடந்தார்.